வசனம் கேட்க ஒரு பெட்டி

எட்டு மணித் தொடர் தொடங்கச் சற்று முன்பாக எதில்மா தன் ஆடும் நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, தெருவைக் குறுக்காகக் கடந்து, எதிர்வீட்டு டிலியாவின் முன்வாசலில் போட்டு உட்கார்ந்தாள். வெக்கை பிடித்த கடலோர நகரமான பர்ராங்கியாவில், ரெபோலோ பேட்டையின் அந்தத் தெருவில், அதைப் பார்க்காதவர் சிலர் இருந்திருக்கலாம். அவர்களுக்கு மறுநாள் காலை ரொட்டிக்கடையில் தெரிந்துவிட்டது.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இதை அவள் கணவர் நிக்கானோர் பொலோ விசாரித்தவர்களிடமெல்லாம் தெளிவுபடுத்தினார். எதில்மா வீட்டைவிட்டுப் போகவில்லை. தொடர் முடிந்ததும் திரும்பி வந்துவிடுகிறாள். சமைக்கிறாள், பேசுகிறாள், அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எதிர்வாசலில் இருக்கிறாள். இந்த விளக்கத்தைக் கேட்டவர்கள் அனைவரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அந்த ஒரு மணி நேரம்தான் அவருடையது. பகல் முழுவதும் பின்னறையில் மற்றவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொண்டிருப்பார். எந்தப் பள்ளியிலும் அவர் அதைப் படித்ததில்லை. பல் மருத்துவ மாணவர்கள் தேர்வு முடிந்து விற்ற புத்தகங்களை வாங்கி, கெட்டுப்போன வார்ப்புகளோடு மல்லுக்கட்டித் தாமாகக் கற்றுக்கொண்டது. மாலையில் கைகழுவி, வேறு சட்டை போட்டு, முன்வாசலில் எதில்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாகச் சேர்ந்து தொடரில் வருகிற பணக்காரக் குடும்பத்தைத் திட்டுவார்கள். திருமணமான நாளிலிருந்து தொடர்கள் மாறின, குடும்பங்கள் மாறின, திட்டுவது மாறவில்லை. இப்போது ஆடும் நாற்காலி ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தனியாகத் திட்டுவதில் ஒரு சுவையும் இல்லை.

குற்றவாளி புதிய தொலைக்காட்சி. அதைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். மழைக்காலத்தில் தெருவில் ஓடுகிற வெள்ளம் சில சமயம் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிடும் என்பதால், கூடத்தின் உட்சுவரில் உயரமாக, வாசலில் உட்கார்ந்தாலும் முழுதாகத் தெரியும்படி, தாமே துளையிட்டுத் திருகாணி போட்டு மாட்டினார். படத்தில் ஒரு குறையும் இல்லை. கதாநாயகியின் இமைமயிரை எண்ணலாம். ஆனால் அவ்வளவு மெல்லிய பெட்டியில் ஒலி வருவதற்கு முன்பக்கம் இடமில்லாததால், செய்தவர்கள் அதைப் பின்பக்கம் வைத்துவிட்டார்கள். கதாநாயகி கண்ணீரை நேயர்களுக்குக் காட்டிவிட்டு, காரணத்தைச் சுவரிடம் சொன்னாள்.

"என்ன சொன்னா?" என்று எதில்மா கேட்பாள்.

"வயித்துல இருக்கறது அவன் பிள்ளை இல்லையாம்."

"பின்ன எவன் பிள்ளை?"

"அதைத்தான் சொல்ல வாயெடுத்தா. நீ கேட்ட கேள்வியில எனக்கும் கேக்காம போச்சு!"

"கத்தாத. நீ கத்தறது மட்டும் நல்லாக் கேக்குது."

இப்படிப் பல மாலைகள் கழிந்த பிறகுதான் எதில்மா எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். "டிலியா வீட்டு டிவியில ஆளுங்க பேசறாங்க, நிக்கா. நம்ம வீட்டுல வாயசைக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள். டிலியாவின் தொலைக்காட்சி பழைய தொந்திப் பெட்டி, படம் பச்சையடித்திருக்கும். தம்முடைய புத்தம்புதிய சாதனம் அதனிடம் தோற்றது நிக்கானோரால் சகித்துக்கொள்ள முடியாததாக இருந்தது.

எந்தப் பொருளை வாங்கினாலும் அதைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் படித்து, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் கையேட்டையும் உறையிலிட்டுப் பாதுகாப்பவர் அவர். செத்துப்போன இஸ்திரிப்பெட்டியின் உத்தரவாத அட்டைகூட அவரிடம் உண்டு. ஆகவே தொலைக்காட்சிக்கு வெளி ஒலிபெருக்கி வாங்குவது என்று முடிவெடுத்ததும் இணைய நிலையத்தில் போய் உட்கார்ந்து படித்தார். படித்ததில் ஒன்று விளங்கிற்று: 'பேஸ்' என்று சொல்லும், நெஞ்சை அதிர வைக்கிற அடித்தொனியில் பேச்சு இல்லை, சொற்கள் நடுத்தொனியில் வாழ்கின்றன. பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கிற நீளமான, ஒல்லியான ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதைத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எதில்மாவின் தம்பி வில்ஃபிரிதோவிடம் சொன்னார். வில்ஃபிரிதோ வைத்திருப்பது பிக்கோ. தெரு விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிற, ஆளுயரத்துக்கு மேலான ஒலிப்பெட்டி. சிறகு விரித்துத் தலைதெறிக்க ஓடும் சேவல்களை அதன் முகப்பில் பளபளக்கும் வண்ணங்களில் வரைந்திருந்தார்கள். அதன் பெயர் 'சேவல்மிரட்டி'. அது பாடத் தொடங்கினால் மூன்று தெருவுக்கு அப்பால் பாத்திரங்கள் கிணுகிணுக்கும்.

"மச்சான், நெஞ்சுல குத்தணும்" என்றான் வில்ஃபிரிதோ. "குத்தலைன்னா அது ஸ்பீக்கர் இல்ல, டெலிபோன்."

"எனக்கு நெஞ்சுல குத்த வேணாம்யா. அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு தெரிஞ்சாப் போதும்."

"பேஸ் நல்லா இருந்தா வார்த்தை தானா வந்துரும் மச்சான்."

"எப்படி தானா வரும்? எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"புத்தகமா? ஸ்பீக்கரைப் பத்திப் புத்தகமா படிச்ச? பாவம் எங்கக்கா."

ரொட்டிக்கடைக்காரரும் பேஸ் என்றார். லாட்டரிச் சீட்டு விற்பவளும் பேஸ் என்றாள். காது சுத்தமாகக் கேட்காத டிலியாவின் கணவர் அன்செல்மோகூட, கையால் தம் மார்பைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

நகர மையத்தில் இருந்த கடைக்கு நிக்கானோர் தனியாகவே போனார். விற்பனையாளன் ஹெய்சன், கழுத்துப்பட்டி அணிந்த, வாயாடியான ஒரு முப்பது வயதுக்காரன். ஒல்லியான ஒலிபெருக்கியை நிக்கானோர் சுட்டிக்காட்டியதும் அவன் முகம் சுருங்கியது.

"தலைவரே, அது போகொட்டாக்காரங்களுக்கு. அங்க மழையும் குளிருமா இருக்கும், கதவைச் சாத்திப் போர்வையைப் போத்திக்கிட்டுப் பாப்பாங்க. உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே?"

"எனக்குப் பேச்சு கேக்கணும். இதுல யாராவது பேசற மாதிரி ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க."

"பேசற மாதிரியா?" ஹெய்சன் உண்மையாகவே யோசித்தான். "பேசறதைக் கேக்கறதுக்கு யாரு தலைவரே ஸ்பீக்கர் வாங்குவா? பாட்டு இருக்கு. எல்லாரும் பாட்டுலதான் பாப்பாங்க."

அந்தக் கடையில் ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்கு ஒரே ஒரு முறைதான் இருந்தது. அந்த நகரத்திலேயே ஒரே ஒரு முறைதான் என்றாலும் தவறில்லை. ஒரு பாட்டைப் போட்டு, பெட்டியின் அடித்துளைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, காற்று எவ்வளவு வீசுகிறது என்று பார்ப்பது. செய்தி வாசிப்பையோ ஒரு நாடகக் காட்சியையோ வைக்கும்படி நிக்கானோர் மீண்டும் வற்புறுத்தினார். ஹெய்சன் தேடிப் பிடித்தது கடையின் சொந்த விளம்பரம். அதிலும் அறிவிப்பாளர் முரசொலிக்கு மேலே நின்றுதான் கத்தினார்.

பிறகு அவன் மூலையில் இருந்த பெரிய பெட்டியை இயக்கினான். எக்காளங்கள் எழுந்தன; அவற்றுக்குக் கீழே தோல்முரசுகள் வந்தன. நிக்கானோரின் இளமையில் திருவிழா நாட்களில் விடிய விடிய ஒலித்த பாட்டு. மிக்சி வாங்க வந்த ஒரு பெண்மணி காவலாளியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். காசாளர் கணக்கை நிறுத்திவிட்டு மேசையைத் தட்டினார். நிக்கானோர் உள்ளங்கையை நீட்டினார். காற்று வந்தது. முழங்கைவரை ஏறி, சட்டைக்கைக்குள் புகுந்து, அவருடைய வலது காலைத் தரையில் தாளம் போடச் சொன்னது. இணைய நிலையத்தில் படித்தது அனைத்தும் அந்தக் காற்றில் பறந்தது. வீட்டுக்கு வந்து ரசீதை உறையிலிடும்போதுதான், கடையில் ஒரு மனிதப் பேச்சையும் தாம் கேட்கவில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

அன்று எட்டு மணிக்கு எதில்மா நாற்காலியைத் தூக்கவில்லை. பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. தொடர் தொடங்கியது. கதாநாயகி வாய் திறந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பாதிரியார் ஒருவர் பேசுகிற குரல் வந்தது. வில்லன் மாடிப்படி இறங்கினான். கூடத்தின் தரை அவனோடு சேர்ந்து இறங்கியது. அவன் கதவை அறைந்து சாத்திய கணத்தில் பின்னறையில் ஏதோ சரசரவென்று நகர்ந்தது. நிக்கானோர் ஓடினார். மெருகேற்றி வரிசையாக வைத்திருந்த பொய்ப்பற்கள் அதிர்வில் அலமாரியின் விளிம்புவரை நடந்து வந்திருந்தன. ஒன்று ஏற்கெனவே விழுந்து முன்பல் தெறித்துக் கிடந்தது. மறுநாள் மகளின் திருமணத்தில் சிரிக்க வேண்டிய ஓர் அம்மாளுடையது அது.

திரும்பி வந்தபோது எதில்மா எழுந்து நின்றிருந்தாள்.

"என்ன பேசறாங்கன்னு இப்பவும் தெரியல. ஆனா கோவமா பேசறாங்கன்னு டிலியா வீடு வரைக்கும் தெரியுது."

"கொஞ்சம் இரு எதில்மா, அடித்தொனியைக் குறைக்கறேன்."

"குறை. குறைச்சு முடிச்சதும் கூப்பிடு." நாற்காலி தலைக்குமேல் ஏறியது.

அடித்தொனியைக் குறைத்தால் வில்லன் மெலிந்தான், கதாநாயகி தெளியவில்லை. மறுநாள் சனிக்கிழமை. பெட்டி கூடத்துக்குள் இருப்பதுதான் கோளாறோ என்று ஐயுற்று அதை வாசலுக்கு இழுத்தார். வாசலில் இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி வந்து நின்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்று எண்ணுகிற தெரு அது. பொழுது சாய்வதற்குள் மக்கள் நாற்காலிகளோடும் பீர்ப்பெட்டியோடும் வந்து அமர்ந்துவிட்டார்கள்.

"எப்ப ஆரம்பிக்கறீங்க, தோன் நிக்கானோர்?"

"எதை ஆரம்பிக்கறது? நான் தொடர் பாக்கப்போறேன்!"

"பாருங்க, பாருங்க. தொடர் முடியட்டும், காத்திருக்கோம்."

அவர்கள் காத்திருக்கவில்லை. யாரோ ஒருவன் தன் கைப்பேசியைப் பெட்டியோடு இணைத்துவிட்டான். நிக்கானோர் தம் சொந்த வாசலில், தம் சொந்தச் செலவில் வாங்கிய பெட்டிக்கு அருகில், படத்தில் வாயசைப்பவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவே அவரைச் சுற்றி ஆடியது. எதிர்வாசலில் எதில்மா டிலியாவின் காதில் ஏதோ சொல்ல, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பெட்டியை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.

"பாட்டு எப்படி இருக்கு தலைவரே?" என்றான் ஹெய்சன்.

"பாட்டுக்கு ஒண்ணும் இல்ல. பேச்சு விளங்கல. நான் வாங்கும்போதே பேச்சுக்குன்னுதான் சொன்னேன். நீயும் கேட்ட, அந்தக் காசாளரும் கேட்டாரு."

"பாட்டு நல்லா இருக்குன்னா பெட்டியில என்ன குறை?"

மேலாளர் அழைக்கப்பட்டார். அவர் ஒரு பாட்டைப் போடச் சொன்னார், உள்ளங்கையை நீட்டினார், திருப்தியோடு எடுத்தார். "காத்து வருது, ஐயா" என்றார். எழுத்தில் தரும்படி நிக்கானோர் கேட்டார். 'சாதனம் ஒலிக்கிறது' என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். அவர் நுகர்வோர் அலுவலகத்துக்கு முறையீடு அனுப்பினார். நகல் எடுத்து வைத்துக்கொண்டார். இந்நாள்வரை பதில் இல்லை. வண்டிக்காரர் பெட்டியைத் திரும்பவும் இறக்கி வைக்கும்போது, "அருமையான பெட்டி ஐயா, எப்ப விருந்து?" என்று கேட்டார்.

ஊரெல்லாம் தமக்கு எதிராக நின்றாலும், அந்தத் தொந்திப் பெட்டியிடம் என்னதான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று நிக்கானோர் தீர்மானித்தார். அன்செல்மோவின் கீழ்வரிசைப் பொய்ப்பல் ஈறில் உரசுகிறதா என்று பார்க்கிற சாக்கில், எட்டு மணிக்குக் கருவிப்பையோடு தெருவைக் கடந்தார். டிலியா வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள்.

"வாங்க வாங்க! பல்லுப் பாக்கற நேரமா இது? பெண்டாட்டியைப் பாக்க வந்தேன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

"அன்செல்மோ, வாயைத் திறங்க" என்றார் நிக்கானோர்.

எதில்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாம பல்லைப் பாருங்க ரெண்டு பேரும். முக்கியமான இடம்."

அவர் அன்செல்மோவின் வாய்க்குள் விரலை வைத்தபடி காதைத் தீட்டினார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கதாநாயகி வில்லனிடம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டாள். அவன் தர மறுத்தான். அவள் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. தொந்திப் பெட்டியில் எந்த மாயமும் இல்லை. டிலியா அதை ஒரு முக்காலியில் வைத்து, வாசற்படிவரை இழுத்து, ஏறக்குறைய எதில்மாவின் மடியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒலி முன்பக்கச் சல்லடை வழியாக வந்து நேரே அவள் முகத்தில் இறங்கியது.

அவ்வளவுதான்! நிக்கானோருக்கு அன்செல்மோவின் பல்லையே பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது. படித்த கட்டுரைகள் அனைத்திலும் படம் போட்டிருந்தார்கள்: சாத்திய அறை, மெத்தை நாற்காலி, அதில் ஒரு குடும்பம். ரெபோலோவில் எந்தப் பைத்தியக்காரன் எட்டு மணிக்கு அடுப்பாகக் காய்கிற கூடத்துக்குள் உட்காருவான்? அவர்கள் வீட்டில் படம் உள்ளே, ஆள் வெளியே. வசனம் சுவரில் மோதி, கூடத்தைக் கடந்து, மின்விசிறியின் இரைச்சலைத் தாண்டி, தெருமுனையில் டொமினோக் காய்களை ஓங்கி அறைகிறவர்களோடும் பேருந்தோடும் போட்டியிட்டு எதில்மாவின் காதுக்கு வந்து சேர வேண்டும். பெரிய பெட்டி வந்தபின் நடந்ததெல்லாம், அந்த வழியைத் தாண்டி வர வலுவுள்ள அடித்தொனி மட்டும் வந்து சேர்ந்ததுதான். வேண்டியது பலமல்ல. அண்மை.

"ஆ... ஆ..." என்றார் அன்செல்மோ.

"மன்னிக்கணும்" என்று விரலை எடுத்தார்.

தொலைக்காட்சியைச் சுவரிலிருந்து இறக்குவதற்கில்லை, மழைமாதம் தொடங்கிவிட்டது. பெரிய பெட்டியைத் தலைமுழுகியாக வேண்டும். அடுத்த நாள் அவர் வில்ஃபிரிதோவின் கொல்லைக்குப் போனார். மைத்துனன் சேவல்மிரட்டிக்குப் பின்னால் நின்று, ஒலிவாங்கியில் "ஓலா, ஓலா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பெட்டியை எடுத்துக்கறியா?" என்றார் நிக்கானோர், முன்னுரை எதுவுமின்றி.

"அந்த அழகியையா? மச்சான், உடம்பு சரியில்லையா? பதிலுக்கு என்ன வேணும்?"

நிக்கானோரின் பார்வை வேறொன்றில் நின்றுவிட்டது. சேவல்மிரட்டியின் பின்புறம், வில்ஃபிரிதோவின் காதுமட்டத்தில், ரொட்டி அளவுள்ள ஒரு சிறிய கறுப்புப் பெட்டி கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. வில்ஃபிரிதோவின் 'ஓலா' அதிலிருந்துதான் தெள்ளத்தெளிவாக வந்துகொண்டிருந்தது.

"இது என்னது?"

"அதுவா? நான் மைக்குல பேசறது எனக்குக் கேக்கறதுக்கு. பெருசு கத்தறப்போ பக்கத்துல நின்னா, நான் பேசறது எனக்கே கேக்காது. அதனால காதுகிட்ட ஒண்ணு தொங்கவிட்டிருக்கேன். வார்த்தை மட்டும் வரும், வேற எதுக்கும் உதவாது."

நிக்கானோர் கண்ணை மூடித் திறந்தார்.

"வில்ஃபிரிதோ. நான் உன்கிட்ட வந்து என்ன கேட்டேன்?"

"ஸ்பீக்கர் வாங்கணும்னு கேட்ட."

"வார்த்தை கேக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டேன்!"

"ஆமா. ஸ்பீக்கர் கேட்ட, சொன்னேன். இது ஸ்பீக்கரா மச்சான்?" வில்ஃபிரிதோ அந்தச் சிறு பெட்டியை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தான். "இதைப் போய் ஸ்பீக்கர்னு யாராவது சொல்வாங்களா?"

திட்டுவதற்கு நிக்கானோரிடம் ஏராளமான சொற்கள் இருந்தன. ஆனால் மைத்துனன் மனம் மாறிவிடுவான் என்று அஞ்சி அவற்றை விழுங்கிக்கொண்டு, கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார். வில்ஃபிரிதோ அந்த வியாபாரத்தில் தனக்குக் கிடைத்த லாபத்தை மறைக்க முடியாமல் விசிலடித்தான்.

சிறு பெட்டியைத் தொலைக்காட்சியின் ஹெட்போன் துளையோடு இணைக்கும் கம்பியை நிக்கானோர் சுவரோரமாக ஓட்டி, கதவிடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்தார். கால் தடுக்காதபடி ஆணியடித்தார். வாசலில், எதில்மாவின் நாற்காலி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டி மேசைமேல் காதுமட்டத்துக்குப் பெட்டியை வைத்தார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'குறைச்சு முடிச்சதும் கூப்பிடு' என்று சொன்னவளைக் கூப்பிடுவதற்கு அவருடைய தன்மானம் இடம்கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு அவள் வழக்கம்போல எதிரே போனாள். நாற்காலி அங்கேயே நிரந்தரமாகிவிட்டதால் இப்போதெல்லாம் வெறுங்கையோடுதான் போனாள். அது அவருக்கு மேலும் உறைத்தது.

முதல் விளம்பர இடைவேளையில் எதில்மா தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தாள். டிலியா வீட்டுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்காது. குடித்துவிட்டு வாசலைத் தாண்டும்போது இடைவேளை முடிந்தது. அவள் ஒரு காலை நடைபாதையில் வைத்தபடி நின்றாள்.

"யாரது மூச்சு விடறது?"

"கதாநாயகி" என்றார் நிக்கானோர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதில்மா வைத்த காலைத் திரும்ப எடுத்தாள். கதாநாயகி பேசினாள். சுவரிடம் அல்ல, அந்தக் குட்டி மேசையிலிருந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற பெண்ணைப்போல. எதில்மா நின்றுகொண்டே கேட்டாள். நிக்கானோர் எழுந்து தம் நாற்காலியைத் தள்ளினார். அவள் அவரைப் பார்க்காமலே அதில் உட்கார்ந்தாள். இப்போது அவருக்கு உட்கார இடமில்லை. எதிர்வாசலில் டிலியா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்கானோர் தெருவைக் கடந்து போய், எதில்மாவின் நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டார்.

"தோன் நிக்கானோர், வாடகை யாரு குடுப்பா?" என்று டிலியா கத்தினாள். டொமினோ மேசையில் கைதட்டல் எழுந்தது. அவர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்.

நாற்காலியைப் போட்டு அவள் அருகில் அமர்ந்தபோது வில்லன் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டிருந்தான்.

"தடிப்பய" என்றாள் எதில்மா.

"பிறவியிலேயே தடிப்பய. அவங்கப்பன் எப்படி? நேத்துப் பாத்தியா?"

"பாத்தேன். அவன் இதைவிட." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதுப்பக்கம் கையை வைத்தாள். "நிக்கா, சத்தத்தைக் கொஞ்சம் கொறை. காதுக்குள்ள வந்து பேசறா மாதிரி இருக்கு."

இந்த ஒரு பெட்டிக்காகத் தாம் பட்டதையெல்லாம் ஆவண ஆதாரங்களுடன் எடுத்துரைக்க நிக்கானோர் வாயைத் திறந்தார். பிறகு குனிந்து குமிழைத் திருகினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இப்பச் சரி. பேசாத, அவன் அம்மா வர்றா."